ஏழாம் வாசல் சொன்னது

"மஸ்டர்டை எங்கே வச்சே?" என்று வெர்னன் கேட்டார்.

"இருக்கிற இடத்துலதான் இருக்கு. ஃபிரிட்ஜ் கதவுல, ஊறுகாய்க்குப் பின்னாடி."

"ஊறுகாய்க்குப் பின்னாடி இன்னொரு ஊறுகாய்தான் இருக்கு."

"குனிஞ்சு பாருங்க. அதுவா எழுந்து வந்து கைகுடுக்காது."

குனிந்தார். கிடைத்தது. மஞ்சள் கடுகுச் சாஸ் பாட்டிலை வெற்றிக்கோப்பை போல ஒருமுறை தூக்கிக் காட்டிவிட்டு கார் ஷெட்டுக்குப் போனார். மறுநாள் சனிக்கிழமை, கல்லூரி அணிக்குப் பருவத்தின் கடைசி ஆட்டம். பன்றித் தோள்கறியில் மஸ்டர்டைப் பூசி, மேலே மசாலா தூவி, புகையடுப்பில் ஏற்றுவது அவர் வேலை. நெட்ரா தொட்டியருகே நின்று, முந்தின நாள் வான்கோழி வெந்த தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாட்டில் 'புர்ர்' என்று காற்று விடுகிற சத்தம் ஒருமுறை கேட்டது. அதற்கு அவர் வழக்கமாகச் சொல்லும் "மன்னிக்கணும்" கேட்கவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, காபி வேண்டுமா என்று கேட்கப் போனபோது அவர் சிமெண்ட் தரையில் கிடந்தார். ஒரு உள்ளங்கை முழுக்க மஞ்சளாக இருந்தது.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள், கீழே விழுவதற்கு முன்பே முடிந்திருக்கும் என்றார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் அப்படிச் சொன்னதற்கு நெட்ரா நன்றி சொன்னாள்.

அவர் உடல் வீட்டை விட்டுப் போவதற்குள், அவர் ஏன் பேசவில்லை என்று இணையத்தில் ஆண்கள் கேட்க ஆரம்பித்துவிட்டிருந்தார்கள்.

வெர்னன் சாட்டர்வைட் நாற்பது ஆண்டுகள் பருத்தி விவசாயிகளுக்குப் பயிர்க் காப்பீடு விற்றவர். ஓய்வு பெற்றபின், ஆட்ட நாட்களில் கல்லூரி மைதானத்தின் ஏழாம் வாசலில் மஞ்சள் அங்கி மாட்டிக்கொண்டு டிக்கெட் சரிபார்த்தார். மற்ற நாட்களில் அவர், ரசிகர்கள் மாதச் சந்தா கட்டிக் கூடும் இணைய மன்றத்தில் 'ஏழாம் வாசல்' என்ற பெயரில் ஓர் உள் ஆள். அதாவது, கோச்சுகளின் அறைக்குள் நடப்பதெல்லாம் தெரிந்தவர். எந்தக் கோச்சுக்கு யாரோடு சண்டை, யாரைத் துரத்தப் போகிறார்கள், யார் வீட்டை விற்கத் தரகர் வந்துவிட்டுப் போனார், எல்லாம். பெயருக்குப் பக்கத்தில் தங்க நட்சத்திரம் போட்டிருந்தார்கள்.

அந்த ஊரில் தேவாலயத்துப் போதகருக்கு உடம்பு சரியில்லை என்றால் மக்கள் ஜெபம் செய்வார்கள். தலைமைக் கோச்சுக்குச் சரியில்லை என்றால் தூங்கமாட்டார்கள். பல் டாக்டர்கள், வக்கீல்கள், கூரை போடுகிறவர்கள், பிள்ளை குட்டிகளைப் பெற்று ஆளாக்கியவர்கள். ஃபுட்பால் என்று பேர், ஆனால் பந்து காலில் படுவதே அபூர்வமான அந்த ஆட்டத்துக்காக, இருபது வயசுப் பையன்களை மேய்க்கும் ஒரு மனிதரின் வேலை நிலைக்குமா போகுமா என்று ஆண்டு முழுக்கக் கைபிசைந்துகொண்டிருந்தார்கள்.

வெர்னனுக்கு நட்சத்திரம் கிடைத்த கதை நெட்ராவுக்கு நன்றாகத் தெரியும். அதைக் கொடுத்தவளே அவள்தான். இப்போதைய தலைமைக் கோச்சுக்கு முன்பிருந்தவரின் மனைவி, அக்டோபர் நடுவில் ஒரு நாள், நெட்ரா பலகாரம் வைத்துக் கொடுத்திருந்த கண்ணாடிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். வெறும் பாத்திரம். அந்த ஊரில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். நாலு பிஸ்கட்டாவது போட்டுத் தருவார்கள், அடுத்த முறை இது திரும்பி வரவேண்டுமே. "இந்தக் குடும்பம் கிளம்புது" என்றாள் நெட்ரா. வெர்னன் அதை மன்றத்தில் எழுதினார். பாத்திரத்தைப் பற்றி எழுதவில்லை, "நம்பத் தகுந்த இடத்திலிருந்து" என்று எழுதினார். அடுத்த வாரமே கோச்சைத் துரத்திவிட்டார்கள். அவ்வளவுதான், அவர் தீர்க்கதரிசியாகிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு பாத்திரமும் வரவில்லை. ஆனாலும் ஏழாம் வாசல் பேசிக்கொண்டுதான் இருந்தது. "ரெண்டு பக்கமும் பேச்சு நடக்குது. நாளைக்குள்ள மாறலாம். மாறாமலும் போகலாம். நான் சொன்னதா வெளியே சொல்லாதீங்க." இந்த மாதிரி எழுதினால் என்ன நடந்தாலும் சரியாகத்தானே இருக்கும்? ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டின்போது "இன்னிக்கு அவங்களுக்கு என்ன போடட்டும்?" என்று வெர்னன் கேட்டார். "துணைக் கோச்சோட நாயைக் கொண்டுபோய் ஒரு மாசத்துக்கு எங்கேயோ விட்டிருக்காங்கன்னு போடுங்க" என்றாள் நெட்ரா விளையாட்டாக. போட்டார். நாயை ஏன் விடவேண்டும், எந்த ஊர் வேலைக்காக, என்று மூன்று ஆண்டுகள் பேசினார்கள். அந்தத் துணைக் கோச்சிடம் நாயே கிடையாது.

சனிக்கிழமை காலையில், சமையலறை ஜன்னல் விளிம்பில் சார்ஜில் கிடந்த வெர்னனின் போன் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. நெட்ரா எடுத்துப் பார்த்தாள். தலைமைக் கோச் மெக்ராரியைத் துரத்தப் போகிறார்கள் என்று ஒரு மாதமாகப் புரளி. அந்த நேரத்தில் ஏழாம் வாசல் ஒரு நாள் முழுக்க வாய் திறக்கவில்லை. உள் ஆள் பேசினால் அது வதந்தி, பேசாவிட்டால் அதுதான் செய்தி என்பது அங்கே எழுதாத சட்டம்.

"அவர் வாயைக் கட்டிட்டாங்க. பெரிசா ஏதோ வருது."

"வக்கீல் சொல்லியிருப்பார், பேசாதேன்னு."

"ஏழாம் வாசல் அமைதியா இருந்தா எனக்குத் தூக்கம் வராதுப்பா."

நெட்ரா நின்றபடியே ஒரு விரலால் தட்டி எழுதினாள்: "நான் வெர்னனின் மனைவி. வெர்னன் நேற்று மதியம் இறந்துவிட்டார்."

பதில்கள் கொட்டின.

"புரிஞ்சுது தலைவரே. மெக்ராரி கதை முடிஞ்சுது!"

"நேத்து மதியம்னா, கையெழுத்து நேத்து மதியமே ஆயிடுச்சுன்னு அர்த்தம்."

"சரி, இதுல 'மனைவி' யாரு? டிஃபென்ஸ் கோச்சா?"

அவள் போனைத் துண்டுக்குள் சுற்றி ரொட்டி டப்பாவுக்குள் வைத்து மூடினாள்.

ஞாயிறன்று உள்ளூர்ப் பத்திரிகையில் படத்தோடு இரங்கல் குறிப்பு வந்த பிறகுதான் நம்பினார்கள். மன்றத்தில் அஞ்சலிக்கென்று தனிப் பகுதி திறந்தார்கள். முதல் பக்கத்தில் எல்லாரும் அழுதார்கள். இரண்டாம் பக்கத்தில் பாதிப்பேர் அழுதார்கள். மூன்றாம் பக்கத்தில் ஒருவன், "மரியாதையோடதான் கேக்கறேன், இனி அவருக்குச் சொல்லிட்டிருந்த ஆளை நாம எப்படிப் பிடிக்கிறது?" என்று கேட்டான். அதற்குப் பிறகு யாரும் அழவில்லை.

திங்கட்கிழமை சவ இல்லத்தில் பார்வைக்கு வைத்திருந்தபோது கூட்டமாக வந்தார்கள். எல்லார் கழுத்திலும் கல்லூரியின் பச்சை நிற டை. தாய் தகப்பன் வைத்த பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

"மிஸ் நெட்ரா, நான்தாங்க 'குண்டுக் கழுகு'."

"நான் 'நாலாவது முயற்சி'ங்க. உங்க வீட்டுக்காரரும் நானும் தினமும் பேசுவோம். இன்னிக்குத்தான் முகத்தைப் பார்க்கறேன்."

குண்டுக் கழுகு என்றவன் உண்மையிலேயே அழுதான். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். நெட்ரா அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். மூக்கைச் சிந்திவிட்டு அவன் குனிந்து அவள் காதோடு கேட்டான்.

"போறதுக்கு முன்னாடி ஏதாவது சொன்னாருங்களா?"

"மஸ்டர்ட் எங்கேன்னு கேட்டார்."

"மஸ்டர்ட்" என்றான் அவன். மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டான். பத்திரப்படுத்திக்கொள்கிற ஆட்டல் அது. அன்று மாலைக்குள், மஞ்சள் சட்டை போடும் அணி எது, அதன் கோச் இங்கே வருவதாக ஏழாம் வாசல் சாகும்போது சொன்னாராமே, என்று மன்றத்தில் பதினோரு பக்கம் போயிருந்தது.

இதையெல்லாம் அவள் மன்னித்திருப்பாள். முட்டாள்தனத்தை மன்னிக்க அவளுக்கு நூலகத்தில் வேலை பார்த்த முப்பது ஆண்டுப் பழக்கம் உண்டு. ஆனால் பர்ல் கிம்ப்ரோ முட்டாள் இல்லை.

பர்ல் கூரை ஒப்பந்தக்காரன். மன்றத்தை நடத்துபவன். பல காலமாகத் தனக்கொரு தங்க நட்சத்திரம் வேண்டுமென்று தவித்து, எதுவுமே பலிக்காமல் போனவன். செவ்வாய்க்கிழமை அடக்கம் முடிந்த கையோடு அவன் எழுதினான்: "வெள்ளிக்கிழமை மதியம் ஏழாம் வாசல் எனக்குப் போன் செய்தார். தனக்கு முடியவில்லை என்று உணர்ந்திருப்பார் போல. தனக்குச் செய்தி தந்தவர் யார் என்பதை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அவர் கோச்சுகளில் ஒருவர். பெயரை நான் சொல்லமாட்டேன். ஆனால் இன்று சவ அடக்கத்தில் நாலாவது வரிசையில் யார் உட்கார்ந்திருந்தார் என்று கண்ணிருந்தவர்கள் பார்த்திருப்பார்கள்."

நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவர் வெஸ்லி டாக்கெட். பந்து பிடிக்கும் ஆட்டக்காரர்களுக்குக் கோச். அவர் மனைவி ரோண்டா தேவாலயப் பாடகர் குழுவில் நெட்ராவுக்குப் பக்கத்தில் நிற்பவள். அவள் அழுவாள் என்று கூட வந்த மனிதர், வெர்னனோடு வாழ்நாளில் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

புதன்கிழமை ரோண்டா வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"மிஸ் நெட்ரா, இந்த நேரத்துல வந்து இதைக் கேக்கறேனேன்னு எனக்கே வெக்கமா இருக்கு."

"கேளு."

"மெக்ராரி வெஸ்லியைக் கூப்பிட்டு, அந்த ஆள் அடக்கத்துல உனக்கென்ன வேலைன்னு கேட்டாராம். என் பொண்டாட்டி அவங்க கூடப் பாடறான்னு இவர் சொல்லியிருக்கார். அவர் சிரிச்சாராம். மிஸ் நெட்ரா, இந்த மாசம் ஒப்பந்தம் முடியுது. பையனுக்குப் பள்ளிக்கூடத்துல இது கடைசி வருஷம். வெஸ்லி உங்க வீட்டுக்காரர்கிட்ட ஏதாவது சொல்லியிருக்காரா? சொல்லியிருந்தா சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன், அவரைக் கொன்னுடுவேன், அவ்வளவுதான்."

"வெஸ்லி சொல்லலை. யாரும் சொல்லலை."

"அப்ப வெர்னனுக்கு எப்படி எல்லாம் தெரிஞ்சுது?"

நெட்ரா மேஜையை விரலால் தட்டிக் காட்டினாள், பிறகு தன்னைத் தொட்டுக் காட்டினாள். ரோண்டாவுக்கு மெல்லப் புரிந்தது. கை வாய்க்குப் போனது.

"எல்லாமேவா? அந்த நாய் கூடவா?"

"அந்த நாய் என்னோடது" என்றாள் நெட்ரா.

ரோண்டா போனபின் அவள் வெகுநேரம் அந்த மேஜையிலேயே இருந்தாள். வெர்னன் நாற்பது ஆண்டுகள் காப்பீடு விற்றதை ஊரில் ஒருவரும் நினைவு வைத்திருக்கவில்லை. ஆனால் வக்கீல்களும் டாக்டர்களும் அவரை "ஐயா" என்றார்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, "நூத்திப்பன்னெண்டு பேர் எனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க நெட்ரா" என்று சொல்லும்போது அவர் முகத்தில் வரும் வெட்கம் கலந்த பெருமை, கல்யாண நாளன்று எடுத்த படத்தில்கூட இல்லை. அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான். வெஸ்லியைக் காப்பாற்ற வேண்டுமானால் அதைத்தான் பிடுங்கி எறியவேண்டும். அவரால் இனி ஒரு வார்த்தை மறுத்துப் பேசமுடியாது.

வியாழக்கிழமை மாலை அவள் கறுப்பு உடை போட்டுக்கொண்டு காரை எடுத்தாள்.

வாராவாரம் வியாழனன்று மெக்ராரி ஒரு புகைக்கறி உணவகத்தில் உட்கார்ந்து ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். வானொலியில் நேரடியாகப் போகும். கேள்வி கேட்பவர்கள் மைக் முன்னால் வரிசையில் நிற்கவேண்டும். அன்று அந்தப் பருவத்தின் கடைசி நிகழ்ச்சி. சனிக்கிழமை ஆட்டத்தில் தோற்றிருந்ததால் கூட்டம் நிரம்பி வழிந்தது. கோழி எலும்புகளுக்கு நடுவே பச்சைத் தொப்பிகள். நெட்ரா வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றவன், கடைசி நிமிடத்தில் ஏன் பந்தை வீசவில்லை என்று கேட்டான். மெக்ராரி ரொம்ப நேரம் பேசினார். ஏன் வீசவில்லை என்பது மட்டும் அதில் இல்லை.

"அடுத்தது யாருங்க? அம்மா, உங்க பேரு?" என்றான் நிகழ்ச்சி நடத்துபவன்.

"நெட்ரா சாட்டர்வைட். செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரரைப் புதைச்சேன்."

தட்டுகளின் சத்தம் அடங்கியது.

"நீங்க ஏழாம் வாசல்னு சொல்றீங்களே, அவர்தான். அவருக்கு உள்ளே யாருமே கிடையாது. ஒரு நாளும் இருந்ததில்லை. வெஸ்லி டாக்கெட் அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் எழுதினதெல்லாம் எங்க சமையலறை மேஜையில வச்சு நாங்களா செஞ்சது. ஒண்ணே ஒண்ணு பலிச்சுது. அதுவும் நான் யூகிச்சது. மத்ததெல்லாம் கதை. அந்த நாயைக்கூட நான்தான் கண்டுபிடிச்சேன். துணைக் கோச்சுக்கு நாயே இல்லை."

"இருந்துச்சுங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "என் மச்சான் பார்த்திருக்கான். பழுப்பு நாய்!"

சிரிப்பு எழுந்தது. நெட்ரா மைக்கை விடவில்லை.

"பர்ல் கிம்ப்ரோவுக்கு அவர் போன் பண்ணலை. வெள்ளிக்கிழமை மதியம் போன் ஜன்னல்ல சார்ஜில இருந்துச்சு. நான் பக்கத்துல நின்னு தட்டுக் கழுவிக்கிட்டிருந்தேன். பர்ல், அங்கேதானே உக்காந்திருக்கே? எழுந்து சொல்லு, அவர் உனக்குப் போன் பண்ணினாரா?"

பர்ல் எழுந்தான். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான். கூரையில் ஓட்டை இருப்பதை வீட்டுக்காரருக்குச் சொல்கிற அதே இதமான குரல்.

"மிஸ் நெட்ரா, உங்க துக்கத்துல நாங்க எல்லாரும் பங்கெடுக்கறோம். வெர்னன் எனக்கு அண்ணன் மாதிரி. உள்ளே இருக்கிற ஆளைக் கடைசிவரைக்கும் காட்டிக்கொடுக்கமாட்டேன்னு அவர் சத்தியம் பண்ணியிருந்தார். புருஷன் போனதுக்கப்புறமும் அந்தச் சத்தியத்தைக் காப்பாத்த இத்தனை பேர் முன்னாடி வந்து நிக்கிறீங்களே, இதுதாங்க விசுவாசம்."

"நான் உன்னைக் கேட்டது ஆமாவா இல்லையான்னு."

"கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும்" என்றான் பர்ல்.

யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். எல்லாரும் எழுந்தார்கள். கறிச்சாறு ஒட்டிய கைகளால், கண் கலங்க, அவளைப் பார்த்து நின்று தட்டினார்கள். மைக்கில் அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கே கேட்கவில்லை.

சத்தம் அடங்கியதும் மெக்ராரி முன்னால் சாய்ந்தார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் மாதிரி ரசிகர்கள்தான் நம்ம குடும்பம்" என்றார். பெயர் நினைவில்லை என்பது தெரிந்தது. "அடுத்த கேள்வி?"

வெஸ்லி டாக்கெட்டுக்கு டிசம்பரில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வேறு வாய்ப்புகளைத் தேடிப் போகிறார், வாழ்த்துகிறோம் என்று கல்லூரி அறிக்கை விட்டது. இரண்டு மாநிலம் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. பையனை முன்னாலேயே தன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு ரோண்டா விடைபெற வந்தாள். இந்த முறை உட்காரவில்லை.

"நீங்க சொன்னது நிஜம்னு எனக்குத் தெரியும். வெஸ்லிக்கும் தெரியும்."

"மெக்ராரிக்கும் தெரியும்" என்றாள் நெட்ரா.

"அவருக்குத்தான் முதல்ல தெரியும். கடைசி ஆட்டத்துல தோத்ததுக்கு யாரையாவது வெளியே தள்ளியாகணும். இவர் நாலாவது வரிசையில உக்காந்து வசதி பண்ணிக் குடுத்துட்டார்." கையுறையை மாட்டிக்கொண்டே கதவுவரை போனவள் நின்றாள். "உங்க மேல எனக்குக் கோவம் இல்லைன்னு சொல்லணும்னு நெனச்சுத்தான் வந்தேன். இருக்கு, மிஸ் நெட்ரா. கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும்" என்றாள் நெட்ரா. "இருக்க வேண்டியதுதான்."

பர்லுக்குத் தங்க நட்சத்திரம் கிடைத்தது. கோச்சுகளில் ஒருவர்தான் அந்த ஆள் என்று அவன்தானே முதலில் சொன்னான், அந்தக் கோச்சையே அனுப்பிவிட்டார்களே! மன்றத்தின் முகப்பில் வெர்னனின் படத்தைப் பூ வரைந்த சட்டத்துக்குள் நிரந்தரமாக ஏற்றினார்கள். கீழே இப்படி எழுதியிருந்தார்கள்: "கடைசி மூச்சுவரை பெயரை ஊருக்குச் சொல்லாதவர். அவருக்குப் பின் அவர் மனைவியும் சொல்லவில்லை."

நெட்ரா அதைச் சமையலறையில் நின்றபடி படித்தாள். அவரிடமிருந்து பிடுங்கிவிட்டதாக நினைத்ததை, அந்த மடையர்கள் இரண்டு மடங்காக்கி அவருக்கே கட்டிவிட்டிருந்தார்கள். வெர்னன் இருந்திருந்தால் தொட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு முட்டும்வரை சிரித்திருப்பார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஒருமுறை படிக்கச் சொல்லியிருப்பார். அவள் சத்தமாக ஒருமுறை படித்தாள். வீட்டில் யாரும் இல்லாததால் குரல் விநோதமாக ஒலித்தது. இரண்டாவது முறை படிக்கவில்லை.

மெக்ராரி போகவில்லை. அடுத்த ஆண்டும் அவர்தான் கோச். ஏழு ஆட்டத்தில் ஜெயித்து ஐந்தில் தோற்றார்கள். முந்தைய ஆண்டும் ஏழும் ஐந்தும்தான்.